கிளிப்பச்சைத் துணியும் அளவெட்டி நாய்களும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பலர் கேட்கிறீர்கள். மூன்று நாள் போதும். நான் அப்படிச் சுற்றியது 1984 பங்குனியில். கோயில் கும்பிடவோ கடல் பார்க்கவோ போகவில்லை. நாய் எண்ணப் போனேன்.

அப்போது எனக்குக் கொக்குவிலில் ஒரு புடவைக் கடை. சைக்கிள் கரியரில் துணி மூட்டை கட்டிப் பன்னிரண்டு வருடம் ஊர் ஊராக விற்று, அந்தக் காசில் போட்ட கடை. ஒரு திங்கட்கிழமை காலை மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். தென்மராட்சிப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். நாய்களின் கழுத்தில் கட்டத் துணி வேண்டுமாம், வேறு எங்கும் காணாத நிறமாக. எட்டு வருடமாக ஒருத்தரும் தொடாத கிளிப்பச்சைக் கட்டு ஒன்று என்னிடம் கிடந்தது. எடுத்துப் போட்டு, வேண்டிய அளவு கிழித்துக் கொடுத்தேன். மனிதருக்குப் பிடிக்காத நிறம், நாய்க்குப் பிடிக்கட்டும்.

எதற்கு என்று கேட்டேன். விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்து கொழும்பிலிருந்து வர வேண்டும். அங்கே ஆட்தொகையை ஏதோ ஓர் எண்ணால் பிரித்து, முழு நாட்டுக்கும் நாய்த் தொகை சொல்லிவிடுகிறார்கள்.

"அவையின்ரை கணக்குக்கு எங்கடை வேலி தெரியாது அண்ணை" என்றார் டொக்டர். "இஞ்சை வளவுக்கு வளவு நாய் நிக்குது. அந்தக் கணக்கிலை மருந்து வந்தால் பாதி நாய்க்குக்கூடக் காணாது."

"காணாட்டில்?"

"மிச்ச நாயளை ஊர்ச் சபை சுடும்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் ரயிலில் சரியான தொகை கொழும்புக்குப் போனால்தான் கூட மருந்து வரும். எண்ணும் முறையையும் சொன்னார். முதல் நாள் அகப்படுகிற நாய்களுக்குத் துணி கட்டுவது. ஒரு நாள் விட்டுத் திரும்பப் போய், காண்கிற நாய்களில் எத்தனைக்குத் துணி இருக்கிறது என்று பார்ப்பது. பத்தில் இரண்டுக்கு இருந்தால், கட்டியதைப் போல ஐந்து மடங்கு நாய் ஊரில் உண்டு. நுனியைத் தடவிப் பார்த்து முழுக் கட்டின் தரம் சொல்கிறவன் நான். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"உங்கடை வீட்டிலை நாய் இருக்கோ?" என்று எழுதும் அட்டையோடு கேட்டார். "இல்லை" என்றேன். அது தானாக வருகிற பதில். நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் தண்டம். எங்கள் கறுப்பன் அப்போது துணி வெட்டும் மேசைக்குக் கீழே நித்திரை. டொக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். வீடு வாசல் தெரிந்த ஆள் கூட வந்தால் நல்லது என்றார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

செவ்வாய் காலை 5.40க்குப் புறப்பட்டோம். காங்கேசன்துறை வீதியால் மல்லாகம் வரை போய் மேற்கே திரும்பினால் அளவெட்டி. ஏழரைக் கட்டை, அதாவது பன்னிரண்டு கிலோமீற்றர். சுன்னாகத்தில் தேத்தண்ணி இரண்டு, வடை நாலு, ஐந்து ரூபா. 6.50க்கு, இரு பக்கமும் வேலி அடைத்த முதல் ஒழுங்கையில் நின்றோம். ஒரு வீட்டு வளவில் நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். வாசல் படலையடியில் ஒரு செவலை நாய் தலையைத் தூக்கிக் கூடவே ராகம் இழுத்தது. டொக்டர் பென்சிலை எடுக்க, உள்ளேயிருந்து ஒரு குரல்: "தம்பி, அவரை நாய்க் கணக்கிலை சேர்க்காதேங்கோ, அவர் வித்துவான்!"

மற்ற வீடுகளில் அவ்வளவு சுகமில்லை. பூமணி அக்கா வெங்காயத் தோட்டக்காரி, என் பழைய வாடிக்கை. வேலிக்குப் பின்னால் குலைப்புச் சத்தம் பொறுக்க முடியவில்லை. அவ படலையை மறித்துக்கொண்டு, "நாயோ? எங்களிட்டை இல்லைத் தம்பி. உது தன்ரை பாட்டிலை வந்து நிக்கிறது" என்றா.

"மூண்டு குரல் கேக்குதே அக்கா?" என்றார் டொக்டர்.

"ஒண்டுதான். குரல் மாத்தி மாத்திக் குலைக்கும்."

அங்கேதான் என் வியாபாரி வாய் சும்மா இருக்கவில்லை. "துணி கட்டின நாய்க்கு ஒண்டும் நடக்காது அக்கா, நான் சொல்லுறன்" என்றேன். டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். அப்படியும் அக்கா நாயைக் காட்டவில்லை. மத்தியானம் ஒரு மணி வரை ஓடித் திரிந்து, வீடு வீடாகச் சொன்னதை அட்டையில் எழுதி, அகப்பட்ட நாற்பத்தாறு நாய்க்குக் கட்டினோம். எனக்குக் கிடைத்தது முழங்காலில் ஒரு சிராய்ப்பு.

புதன்கிழமை வட்டுக்கோட்டை. ஆனைக்கோட்டை, மானிப்பாய் வழியாகப் பதினொரு கிலோமீற்றர். வயல்வெளியில் எதிர்க்காற்று, ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. அங்கே துணி கட்ட நேரமில்லை, வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். பழைய கல்லூரியின் சமையலறைப் பின்பக்கம் மட்டும் பதினொரு நாய். ஒரு நாய் காலையில் ஒரு வீட்டில் வீமன், பின்னேரம் பக்கத்து வீட்டில் ரைகர், இரண்டு இடத்திலும் சாப்பாடு. அது இரண்டல்ல, ஒரே நாய் என்று கண்டுபிடித்துக் கணக்கில் ஒன்றாக்கவே அரை மணி போயிற்று.

4.30க்கு வீடு வந்தேன். காலம் அப்படி, இருட்டுமுன் வந்துவிட வேண்டும். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை கிளிப்பச்சை முடிஞ்சுது."

"என்ன, எலி வெட்டிப்போட்டுதோ?"

"வித்துப்போட்டன்! அளவெட்டிச் சனம் பஸ்ஸிலை வந்து அரை யார், ஒரு யார் எண்டு அளந்து வெட்டுவிச்சு அள்ளிக்கொண்டு போகுது."

ஏதோ கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்டப் போகிறார்கள் என்று நினைத்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். இவ்வளவு புத்தி உள்ளவன்தான் நான்.

வியாழன் 6.45. அளவெட்டி முதல் ஒழுங்கையில் ஏழு நாய். ஏழின் கழுத்திலும் கிளிப்பச்சை. அடுத்த ஒழுங்கையில் ஒன்பது, ஒன்பதும் பச்சை. வித்துவான் பச்சைத் துணியில் பூப்போல் முடிச்சோடு நின்றார். டொக்டர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"அண்ணை, இந்த ஒழுங்கையிலை நாங்கள் ரெண்டுக்குத்தானே கட்டினது?"

பூமணி அக்கா படலையை அகலத் திறந்துவிட்டு நின்றா. "நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், ஒண்டும் நடக்காதெண்டு? எங்கடை மூண்டுக்கும் கட்டிப்போட்டன்."

"செவ்வாய்க்கிழமை ஒண்டும் இல்லையெண்டியளே?" என்றேன்.

"அது செவ்வாய்க்கிழமை."

டொக்டர் மதகில் குந்திவிட்டார். "பத்துக்குப் பத்தும் பச்சை. முறைப்படி பாத்தால் ஊரிலை மொத்தம் நாப்பத்தாறு நாய்தான். உதை அனுப்பினால் நாப்பத்தாறு மருந்துதான் வரும்."

மருந்து போதாமல் சபை சுடத் தொடங்கினால், பச்சை கட்டிய நாயும் விழும். என் வாயை நம்பித் துணி கட்டிய சனம். அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் ஒரு கைலேஞ்சித் துண்டுகூட விற்க முடியாது. விற்பனை கிடக்கட்டும், பூமணி அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது? படலையைப் பார்த்தேன். அந்த மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே நின்றன. அப்போதுதான் பொறி தட்டியது.

"டொக்டர், முந்தநாள் ஒளிச்ச நாயெல்லாம் இண்டைக்கு வெளியிலை நிக்குது. எண்ணுங்கோ."

"அது முறையில்லை அண்ணை."

"முறை ஒளிச்ச நாய்க்கு. ஒளிக்காத நாய்க்கு விரல்விட்டு எண்ணினால் காணும்."

அவர் சிரித்துவிட்டார். பச்சை இருந்தால் வீட்டு நாய், இல்லாவிட்டால் தெரு நாய். இடப்பக்க வேலி அவருக்கு, வலப்பக்கம் எனக்கு. இரண்டு மணிக்கு முடித்தபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. பின்னேரம் என் வெட்டும் மேசையில் இருந்து கணக்குப் போட்டார். செவ்வாய்க்கிழமை ஒப்புக்கொண்ட நாய் எத்தனை, வியாழக்கிழமை கண்ட வீட்டு நாய் எத்தனை என்று ஒப்பிட்டால், சனம் ஒளிக்கிற அளவு தெரியும். வட்டுக்கோட்டைத் தொகையையும் அதே அளவில் கூட்டினார். பிறகு வலிகாமம் முழுவதுக்கும் பெருக்கினார். "ஆட்தொகையைப் பிரிக்கிற எண் எங்கடை பக்கத்துக்கு வேறை" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினார். வெள்ளிக்கிழமை கொக்குவில் ஸ்டேசனில் ரயில் இருபது நிமிடம் பிந்தியது. அந்த இருபது நிமிடமும் நான் மேடையில் நடந்த தூரம் இன்னொரு அளவெட்டி.

ஐந்தாவது வாரம் மருந்து வந்தது, மரத்தூளும் ஐஸும் அடைத்த பெட்டிகளில். கேட்ட அளவுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் பத்து நாயில் ஏழுக்குப் போட்டால் ஊர் தப்பும் என்றார் டொக்டர். அந்த முறை சபையின் நாய் சுடும் துவக்கு வெளியே வரவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்குமுன் கிளம்புங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயில் விடாது. வட்டுக்கோட்டைக்குக் காற்றுக்கு எதிரே போக வேண்டும், திரும்பும்போது அது தள்ளிவிடும், ஆகவே பலத்தை முதல் பாதிக்கு வைத்திருங்கள். படலையைத் தட்டாமல் வளவுக்குள் கால் வைக்காதீர்கள். நாய் எண்ணப் போகிறீர்கள் என்றால் 'நாய் இருக்கா' என்று கேட்டுத் தொடங்கவே வேண்டாம். அந்த நாய்க்கு ஏதாவது நன்மையைக் கையில் கொண்டு போங்கள், எண்ணிக்கை தானாக வாசலுக்கு வரும். ஆனால் கொடுக்க முடியாததை வாயால் விற்காதீர்கள். நான் தப்பியது மயிரிழையில்.

கொக்குவிலில் மருந்து போட்ட நாள் கறுப்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். டொக்டர் அட்டையைப் புரட்டினார்.

"அளவெட்டி சரி, வட்டுக்கோட்டை சரி. கொக்குவிலிலை ஒரு நாய் கூடுது அண்ணை."

"இது தன்ரை பாட்டிலை வந்து நிக்கிறது டொக்டர்" என்றேன்.

"ஓம், அண்டைக்கு மேசைக்குக் கீழை வாலைக் கண்டனான்" என்று சொல்லி ஊசியை எடுத்தார்.