கண்ணாடியோடு பேசுகிறவர்

கன்னத்தில் நுரை பூசி முடித்த பிறகுதான் என் அக்கா வீட்டுக்காரர் கதையை ஆரம்பிப்பார். நுரை பூசிய வாய் குறுக்கே பேசாது. நாற்காலியில் இருப்பவரின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரிகிற ஆளிடம்தான் பேச்செல்லாம். வாசலில் வந்து நிற்பவருக்கும் கண்ணாடியைப் பார்த்தே பதில்.

கடைக்கு எதிரே கட்சிக் கூட்டத்துக்கு மேடை போட்டிருந்த அன்று, அங்கே தலைவரைச் சுட்டதைப் பார்த்தவர் அவர். முதல் நாள், "டயர் வெடிச்சுதுன்னு நெனச்சேன்" என்றார். ஒரு வாரத்தில், துப்பாக்கிதான் என்று அப்போதே தெரிந்திருந்தது. அப்புறம் சொன்ன கதையில் சுட்டவன் சிரித்தான். இப்போது, "தலைவர் கடைசியாப் பாத்தது என்னைத்தான்" என்கிறார்.

"விட்டா, குண்டையே கையில பிடிச்சேன்னு சொல்வீங்க" என்பாள் சாப்பாடு கொண்டுவரும் அக்கா.

"போடி. பாத்தவனுக்குத்தான் தெரியும்."

ஒன்று மட்டும் மாறவே இல்லை. சுட்டவன் இடது கையால் சுட்டான். பின் தெருப் பஞ்சர் கடைக்காரரைப் போலீஸ் பிடித்துப் போனதே அவர் இடதுகைக்காரர் என்பதால்தான். நாளைக்குக் கோர்ட்டில் அத்தான் சாட்சி. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது.

இன்று பஞ்சர் கடைக்காரரின் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே. அவர் உயிரே உங்க வாய்லதான் இருக்கு."

"கண்ணால பாத்ததச் சொல்றேன்மா. கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல" என்று கண்ணாடியில் இருந்த அவளிடம் சொன்னார்.

நான் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடையில் நான் வாயே திறப்பதில்லை. இன்று திறந்தேன்.

"அத்தான், அன்னைக்கு நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

"எப்படித் திரும்புறது? கத்திக்குக் கீழ ஒருத்தர் கழுத்து இருக்குல்ல? எல்லாம் இதுலதான் பாத்தேன்" என்று வலது கையிலிருந்த கத்தியால் கண்ணாடியைக் காட்டினார்.

கண்ணாடியில் இருந்தவரும் காட்டினார். இடது கையால்.

அத்தான் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை மறு கைக்கு மாற்றினார். பார்த்தார். திரும்பவும் மாற்றினார்.

"என்னண்ணே, நுரை காயுது" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

அத்தான் கத்தியை மடக்கி வைத்தார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாசலில் நின்றவளின் முகத்தை நேராகப் பார்த்தார்.