மூன்றாவது கண்ணாடி

தெருவில் அவருக்கு ‘அரை பாயிண்ட்’ என்றுதான் பெயர். முப்பத்தோரு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஃபிரேமை மாட்டுவார், லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார், கடைசியில், “ஒண்ணும் பயமில்ல, அரை பாயிண்ட் ஏறியிருக்கு” என்பார். தலைவலி என்று போனாலும் அரை பாயிண்ட்தான், மாமியாரோடு சண்டை என்று போனாலும் அரை பாயிண்ட்தான் என்று எதிர்க்கடைத் தையல்காரர் கிண்டல் அடிப்பார். மனுஷர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை அவ்வளவு சுத்தம். அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

அவர் மனைவி தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள், தெருவுக்கு ஒன்று. விலாசத்தில் கண் பட்ட மாத்திரத்தில் கை தானாக அந்தந்தப் பெட்டிக்குப் போய்விடும். வாய் கையைவிட வேகம். புருஷனை ‘டாக்டரய்யா’ என்று கூப்பிடுவாள், அதுவும் நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள்.

“டாக்டரய்யா, கண்ணைக் கொஞ்சம் பாருங்க. தலைவலி வேற. இடது ஓரத்துப் பெட்டியெல்லாம் காலியாவே கிடக்குதாம். நான் எதையும் போடவே இல்லையாம். மேலதிகாரி கூப்பிட்டுக் காட்டுறாரு. மானமே போச்சு.”

உட்கார வைத்தார். எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை. வலது கண்ணை மூடிக்கொண்டு படித்தாள். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தாள். அதிலும் அப்படியே.

“ஏன் முதல் எழுத்த முழுங்குற? பஸ்ஸா போயிடப் போகுது? நிதானமா படி.”

“இருக்கறதத்தானேங்க படிக்கிறேன்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணும் பயமில்ல. அரை பாயிண்ட் ஏறியிருக்கு.”

அட மனுஷா! இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா அது? ஒரு கண்ணில் ஓரம் மறைந்தால் கோளாறு கண்ணில். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறைந்தால் கண்ணை விட்டுவிடு, தலையைப் பார். வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிப் படித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியிருப்பார். உட்கார்ந்தது பெண்டாட்டி. அவள் அவசரக்காரி, பேசும்போதே பாதி வாக்கியத்தை விழுங்குகிறவள், எழுத்தை விழுங்கமாட்டாளா என்று நினைத்துவிட்டார். முப்பது வருடம் கூட வாழ்ந்ததே அவர் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். தலைவலி நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவது. அதற்கப்புறம் மூன்றாவது. அதை மாட்டிவிட்டு, “இப்ப எப்படி?” என்று கேட்டபோது அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லாத் தெரியுதுங்க” என்றாள். அவருக்கு நிம்மதி. எட்டாவது மாதம் அவள் தபால் ஆபீஸ் வாசல் நிலையில் இடது தோள் இடித்து, வலிப்பு வந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண், அவர் மகள் வயதுதான் இருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். தலையின் வலது பக்கம், பின்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. இடது பக்கத்துப் பார்வைக்கு மூளையின் வலது பக்கம்தான் பொறுப்பு என்றாள்.

“முழுசா எடுக்க முடியாதுங்க. எடுத்தாலும் திரும்ப வளரும். நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.”

“எட்டு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?”

“குணமாகியிருக்காது. கொஞ்ச மாசம் கூடக் கிடைச்சிருக்கலாம். அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க.”

யோசிக்காதே என்றால் யோசிக்காமல் இருக்க முடிகிறதா? அந்தக் கொஞ்ச மாசம் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? இரண்டா, ஐந்தா? அவளுடைய மாதங்களை நான் அல்லவா தின்றுவிட்டேன் என்று வெந்துபோனார். இதை அவளிடம் சொல்லவேண்டும். அவள் நாலு வார்த்தை திட்டவேண்டும். அந்தத் திட்டு ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு எதற்கும் அவர் ஆசைப்படவில்லை.

ஆப்பரேஷன் ஆனது. கட்டி கருக முப்பது நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். மருந்தில் அவள் முகம் உப்பி, முடி கொட்டி, ஆளே மாறிப்போனாள். நாலே மாதத்தில் கட்டி திரும்பவும் வளர்ந்தது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்தார். அவள் இடித்துக்கொண்டாலும் வலிக்காமல் இருக்கக் கதவு நிலையின் இடது பக்கத்தில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினார். தட்டில் சாப்பாடு வைத்தால் அவள் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, “இவ்வளவுதானா? என்னைப் பட்டினி போட்டே அனுப்பிடுவீங்க போல” என்பாள். அவர் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பார். “அட, இன்னும் இருக்கே!” என்று சிரிப்பாள். குளிப்பாட்டினார், தலை துவட்டினார், மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தார். பேசுவதென்றால் வலது பக்கம் நாற்காலி போட்டுக்கொள்வார். அழுகை வந்தால் எழுந்து கட்டிலின் இடது பக்கம் போய் நின்றுகொள்வார். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாதல்லவா?

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அட்டையில் விட்டுப்போன எழுத்து, மூன்று கண்ணாடி, எட்டு மாசம். மகள் குழாயை மூடினாள்.

“அம்மாகிட்ட இதச் சொல்லப் போறீங்களா?”

“சொல்லணும்மா. சொல்லாம என்னால இருக்க முடியல.”

“சொல்லி? உங்க பாரத்த இறக்கி வைக்க அவங்க தலைதானா கிடைச்சுது? அதுல இருக்கறது போதாதா?”

சுருக்கென்று தைத்தது. அவள் சொல்வதும் சரிதான். ஆனால் மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் தனியாக அழைத்து, “இனிமே ஞாபகம், பேச்சு எல்லாம் குறைஞ்சுக்கிட்டே வரும். பேச வேண்டியது ஏதாவது இருந்தா சீக்கிரமே பேசிடுங்க” என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் மகளே, “உங்க இஷ்டம்ப்பா” என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை சொல்லலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அன்றைக்கு நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், அதை ஏன் கெடுக்கவேண்டும் என்று எழுந்துவிட்டார். புதன்கிழமை தலைவலியில் துடித்தாள், அன்றைக்கு எப்படிச் சொல்வது? அப்புறம் இரண்டு நாள் தூக்கம். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினார். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் மத்தியானம் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மனைவி தலையணையில் சாய்ந்து கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். அவர் வலது பக்கம் உட்கார்ந்தார். அவள் மூக்கிலிருந்து அந்த மூன்றாவது கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

“அன்னைக்குக் கடையில எழுத்துப் படிச்சியே, ஒவ்வொரு வரியிலயும் முதல் எழுத்த விட்டுட்ட. எனக்குப் புரிஞ்சிருக்கணும்மா. கண்ணாடிக்காரன், எனக்கே புரியல. எட்டு மாசம் உன்ன நான்...”

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் மரியாதையாகக் கேட்டாள்.

“நீங்க கண்ணாடிக் கடையா?”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“எங்க வீட்டுக்காரரும் கண்ணாடிக் கடைதாங்க வச்சிருக்காரு. கெட்டிக்காரரு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட போய்ச் சொல்லிடாதீங்க. எனக்கு மூணு கண்ணாடி போட்டுக் குடுத்தாரு. மூணுலயும் சரியாத் தெரியல. கடைசியா குடுத்ததுல நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டேன்.”

அவரும் அந்நியரிடம் பேசுவதுபோலவே கேட்டார்.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சுங்க, பாவம். அவரு போட்ட கண்ணாடியக் குறை சொன்ன ஆளே கிடையாது. நானே போய்ச் சொல்லுவேனா?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இப்பக்கூட எங்கயோ நின்னு அழுறாரு. ஆளத்தான் காணோம், மூக்க உறிஞ்சுற சத்தம் கேக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அவரப் பாத்தா அழ வேண்டாம்னு சொல்லுங்க.”

“சொல்றேங்க.”

“கண்ணாடி விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க.”

“சொல்லமாட்டேங்க.”

அவரைத் திட்ட வேண்டியவள் போய்விட்டாள். பத்து நாள் முந்தியா, நேற்றா, எப்போது போனாள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் அதை நேராக்கியது, காதோரம் கம்பியை மெல்ல அழுத்தியது. வாயும் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“இப்ப எப்படி இருக்கு?”

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லாத் தெரியுதுங்க” என்றாள்.