பீலிங் ஷெட்டில் ஒரு கறுத்த கை

கருகிய முந்திரியின் வாசனை... அது மூக்கில் ஏறிவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

போன வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு ஏசி ஹால். கோட் போட்ட தம்பி ஒருவர் திரையில் அம்புக்குறிகளை ஓடவிட்டு ‘சப்ளை செயின் ரிஸ்க்’ பற்றிப் பேசினார். எங்கோ யுத்தம் மூண்டால் கம்பெனி என்ன செய்ய வேண்டும்? ஒரே நாட்டை நம்பாதே, கையிருப்பு வை, மாற்று வழி பார். எல்லாம் சரிதான். நடுவில் டீயோடு வறுத்த முந்திரி வந்தது. ஓரம் கருகியிருந்தது.

நான் பாறசாலைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அங்கே ஒரு அண்டி ஆபீஸில் — முந்திரித் தொழிற்சாலைக்கு ஊரில் அதுதான் பெயர் — நான் கிளார்க். ஃபேக்ஸ் பார்ப்பதும் ரிஜிஸ்டரில் ஹாஜர் போடுவதும் என் வேலை.

முதலாளி செய்த தப்பு ஒன்றே ஒன்று. கொட்டை முழுவதையும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரே துறைமுகத்திலிருந்து வரவழைத்தார். உடைத்தால் சிதறாமல் முழுப்பருப்பாக வரும் கொட்டை, ருசி கண்டுவிட்டார். ஜூனில் அந்த ஊரில் பட்டாளம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று சுட்டது. துறைமுகம் மூடியது. கப்பல் இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. பம்பாய் ஏஜெண்டைப் பிடித்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் அறுவடை வருஷக் கடைசியில்தான் என்றான் அவன். காட்டாக்கடைச் சந்தைக்கு ஆள் அனுப்பினார். மழையோடு நாட்டுக்கொட்டை தீர்ந்திருந்தது. ஆறு நாள் வேலையை மூன்று நாளாக்கினார். அப்படியும் செப்டம்பர் பாதி தாண்டியதும் கிடங்கின் தரை தெரிந்தது.

ரோஸம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். தல்லு ஷெட்டில் கொட்டை உடைப்பவள். செப்டம்பர் முடிவதற்குள் ஈ.எஸ்.ஐ. கேட்கும் ஹாஜர் திகைந்தால்தான் — நாள் கணக்கு நிறைந்தால்தான் — அவளுக்குப் பிரசவத் தொகை. இரண்டு நாள் குறைந்தது. உடைக்கவோ கொட்டை இல்லை. உடைத்த பருப்பைத் தோலுரிக்க மட்டும் பீலிங் ஷெட்டில் இரண்டு நாள் வேலை மிச்சம்.

தல்லுகாரி பீலிங் ஷெட்டில் உட்காருவதா? நடக்காத காரியம். கொட்டைப்பால் பட்டுக் கறுத்த கை. வெள்ளைப் பருப்பில் கறை விழுந்தால் வெளிநாட்டுக்காரன் பெட்டியைத் திருப்பிவிடுவான். காரணம் கை மட்டும்தானா? தல்லுகாரி தொட்ட பானையில் தண்ணீர் குடிக்காத பெண்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

அந்த வரிசையிலிருந்துதான் சரசம்மா எழுந்தாள்.

“எனக்க இடத்தில அவ இரிக்கட்டு, முதலாளி.”

“உனக்கு என்ன கிறுக்கா? அவளுக்க கையப் பாத்தியா?”

“கையத் தேச்சுக் கழுவலாம். வயித்தில கெடக்கத ரெண்டு மாசம் தள்ளி வைக்க ஒக்குமா?”

“அப்போ உனக்க ஹாஜர்?”

“எனக்கு மிச்சம் உண்டு. சாருக்குத் தெரியும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரிஜிஸ்டர் என் கையில் இருந்தது. சரசம்மாவுக்கு மிச்சம் இல்லை... அந்த இரண்டு நாளும் சேர்ந்தால்தான் அவளுக்கே திகையும். திகையாவிட்டால், இழுப்பு வந்து கிடக்கும் புருஷனுக்கு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருந்து நின்றுபோகும். அவள் கண் என் மேலிருந்து நகரவே இல்லை.

“உண்டு” என்றேன்.

தேங்காயெண்ணெயும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. சரசம்மா தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டின் ஓரத்தைக் கிழித்து, ரோஸம்மாவின் விரல்நுனிகளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்டினாள். ரோஸம்மா உரித்த முதல் பிடியை முதலாளி ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“ம்... இரி.”

“எடி, ரெண்டு பேருக்குள்ளதத் திங்காத கேட்டியா! சாயங்காலம் தூக்கம் பாப்பாங்க” என்று வரிசையில் ஒருத்தி எடை போடுவதைச் சொல்லிச் சீண்டினாள். ஷெட் சிரித்தது. ரோஸம்மா சிரிக்கவில்லை. தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனிகள் ரிஸ்க்கைக் குறைக்கின்றனவா என்ன? கைமாற்றி விடுகின்றன. கப்பலிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து ஷெட்டுக்கு, ஷெட்டிலிருந்து ஒருத்தியின் அடுக்களைக்கு. அந்தத் தம்பியின் அம்புக்குறி எதுவும் அதுவரை நீளவில்லை.

கப்பல் நவம்பரில்தான் வந்தது.

அது தெரியாத அன்றைக்கு, சரசம்மா குடையை எடுத்துக்கொண்டு கொல்லயிலில் இருந்த தன் வீட்டுக்கு நடக்கக் கிளம்பினாள். நான் கேட் வரை பின்னாலேயே ஓடினேன்.

“என்னத்துக்கு இந்தப் பொய், சரசம்மா? மருந்துக்கு என்ன செய்வ?”

“மாசம் முடிய இன்னும் பத்து நாள் கெடக்குல்லா. நீரும்தான் பொய் சொன்னீரு, ஒண்ணும் பேசாதேயும்.” குடையை விரித்தாள். “கப்பல் வந்தா மொதல்ல எனக்க வீட்டுக்காக்கும் ஆளு விடணும், சாரே... வாறேன்.”