கூரையில் விட்ட ஓட்டை

மொன்றியலில் இலையுதிர்காலப் பிற்பகல். யூதக் குடும்பமொன்றின் மாடி பால்கனியில் யாரோ தமிழ்ப் பாட்டை முணுமுணுக்கிறார்கள். வெளிப்படியில் ஏறிப் போகிறேன். யாழ்ப்பாணத் தச்சர் ஒருவர், பலகைக் குடிலுக்குப் பைன் கிளைகளால் கூரை போடுகிறார்.

"ஓட்டை விட்டுட்டீங்களே!" முப்பது வருடம் வீடு கட்டியவனின் மிடுக்கு எனக்கு.

"ஓம் அண்ணை, வானம் தெரியவேணும். முன்னோர் பாலைவனத்தில குடில்ல இருந்ததை மறக்கக்கூடாதெண்டு இவையின்ர வேதத்தில இருக்காம். எவ்வளவு பெரிய வீடெண்டாலும் பண்டிகை ஏழு நாளும் இதுக்கைதான் சாப்பாடு."

"மழை வந்தா?"

"நனையிறதுதான்." அவர் கை நிற்கிறது. "நானும் ரெண்டு வருசம் அகதி முகாமில தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ இருந்தனான். இப்ப இஞ்ச கர்க்லாண்டில பெரிய வீடு. அந்தத் தறப்பாளை நினைச்சுக் கனகாலம்."

பழுத்த மேப்பிள் இலையொன்று ஓட்டை வழியே மிதந்து இறங்கி என் தலையில் அமர்கிறது. நான் கட்டிய எந்த வீட்டுக்குள்ளும் அது வந்திருக்க முடியாது. தட்டிவிடாமல் நிற்கிறேன்.