வாயும் வயிறும்

எழிலரசிக்குக் கோபம் வந்தால் பல்லைக் கடிப்பாள். மூன்று வாரமாக அதற்கும் வழியில்லை.

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் மென்பொருள் சோதிக்கிற வேலை. துளிப் பிழையைக்கூட விடமாட்டாள் என்று ஆபீஸில் பேர். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்ததை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு கடைவாய்ப் பல்லில் வலி பிடித்துக்கொண்டது. பிரசவ டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: இப்போதே காட்டலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சீழ் வைக்க விடுவதுதான் தப்பு.

யார் கேட்டார்கள்? பிரசவம் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த மாமியார் கண்மணி, "மாசமா இருக்கறப்ப பல்லுல கை வெக்கப்படாது அம்மிணி" என்றாள். அவ்வளவுதான், ரஞ்சித்குமார் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்துவிட்டான்.

"வளைகாப்பு முடியட்டும் எழில், ரீஷெட்யூல் பண்ணிக்கலாம்."

வலி அவன் வாயிலா இருந்தது? நாள் கடத்த அவனுக்கென்ன!

சனிக்கிழமை வளைகாப்பு. கை நிறைய வளையல், கன்னம் நிறைய வீக்கம். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பூசினால் போட்டோவில் தெரியாது என்றார்கள். பக்கத்து ஊரான டப்ளினிலிருந்து வந்த ஜலஜா ஆன்ட்டி புளிசாதத்தை உருட்டி நீட்டினாள்.

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு, நல்லா சாப்பிடும்மா."

எழிலரசி மணையிலிருந்து எழுந்தாள்.

"வயித்தை வந்தவங்க எல்லாரும் தொட்டுப் பாத்தாச்சு. வாயை யாராச்சும் பாத்தீங்களா?"

திறந்து காட்டினாள். கடைசிப் பல்லோரம் ஈறு உப்பி, சீழ் கட்டியிருந்தது. ஜலஜா ஆன்ட்டி கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

"ஒரு மணிக்கு எமர்ஜென்ஸி ஸ்லாட் வாங்கியிருக்கேன். இத யாரும் கேன்சல் பண்ண வேண்டாம்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். கண்மணி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சபையில இப்படியா மானத்த வாங்குவ? ரஞ்சித்து வயித்துல இருந்தப்ப எனக்கு ரெண்டு பல்லு போச்சு. நான் வாயத் தொறந்தனா?"

"தொறந்திருக்கோணும் அத்தை. அன்னிக்கு நீங்க தொறந்திருந்தா, இன்னிக்கு நான் இப்படித் தொறந்து காட்ட வேண்டி வந்திருக்காது."

கண்மணியின் நாக்கு, பல் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தது. அதற்குள் ரஞ்சித்குமார் மூச்சிரைக்க வந்து, "நான் டிரைவ் பண்றேன்" என்று சாவிக்குக் கை நீட்டினான்.

"நீ போய் வந்தவங்களுக்குச் சோத்தப் போடு" என்றாள் கண்மணி. மருமகளுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள்.