ஏழாவது வீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பத்தாவது வரை படித்து, கடலூர் முதுநகரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதினால் சிரிக்க மாட்டீர்களா? போன வாரம் ஒரு காலேஜ் பெண் கணக்கெடுக்க வந்தது. அது போகவேண்டிய எதிர்வீடு பூட்டியிருந்தது. "பரவால்ல அங்கிள், உங்க வூட்லயே எழுதிக்கறேன்" என்றது. என் மனைவி கௌரி கரண்டியோடு ஓடி வந்தாள். "கூடாதும்மா! அவுங்க சாயங்காலம் வருவாங்க, திரும்பி வா." பெண் மிரண்டுவிட்டது. எனக்குப் பழைய ஞாபகமெல்லாம் கிளம்பிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் கௌரி அண்ணாமலை நகரில் எம்.ஃபில். சேர்ந்தாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவ்வளவு தூரம் படித்தது அவள்தான் முதல். அச்சடித்து வந்த கேள்வித்தாள் கட்டை நடராஜர் படத்தடியில் வைத்து சாம்பிராணி காட்டினேன். இன்றைக்கும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனால் எனக்கு சாம்பிராணி மணக்கும், என்ன செய்ய.

கிள்ளை ஊர்ப் பக்கத்து மீனவர் குப்பத்தில் குடிதண்ணீருக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. முதல் வீட்டைச் சீட்டுக் குலுக்கி எடுப்பாள். அப்புறம் ஏழுக்கு ஒரு வீடு. ஒரு தாள் பொய்யென்றாலும் ஏற்கமாட்டேன் என்று அவளுடைய பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

கடைசித் தெரு பாக்கி இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல். நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கார்த்திகை மாதம், ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். எண்ணிக்கொண்டே போனால், ஏழாவது வீட்டு வாசலில் பந்தல், சங்கு சத்தம். மாலையோடு சாவு வீட்டில் எப்படிக் கால் வைப்பது? சரணம் சொல்லிவிட்டு எட்டாவது வீட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

"எல்லாம் ஒரே மாதிரி வூடுதான்" என்றேன் அவளிடம்.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, கோயில்ல பூ கட்டிப் பாக்கறீங்க. வெள்ளப் பூ வேணும்னு நெனைக்கிறீங்க, செவப்பு வருது. மடிச்சு வெச்சிட்டு இன்னொரு பொட்டலம் எடுப்பீங்களா?"

"ஐயய்யோ, சாமி குத்தம்!"

"இதுவும் அதேதாங்க."

தாளைக் கிழித்துவிட்டாள். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை வேலை அப்படியே நின்றது. அவள் தம்பி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மாமா, படிக்க வெக்கறேன்னு சொல்லிட்டு நீயே ஆப்பு வெச்சிட்ட?" என்பான்.

பதினேழாம் நாள் இரண்டு பேரும் போனோம். அன்றைக்கு அந்த வீட்டைத் தாண்டிப் போனதைச் சொன்னபோது, புருஷனைப் பறிகொடுத்த அந்தம்மா நம்பவில்லை. "எனக்காவவா திரும்பி வந்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டது. அப்புறம் சொன்னது: "நான் வெளிய போவக்கூடாதுன்னுட்டாங்க. மவதான் தண்ணிக்குப் போவுது. பள்ளிக்கொடத்த நிறுத்திட்டேன்." கௌரி கேள்வித்தாளில் இடம் இல்லாமல் பின்பக்கத்தில் எழுதினாள். நான் எழுதிய எட்டாவது வீட்டில் சொந்தமாக போர்வெல் இருந்தது!

வாய்மொழித் தேர்வன்று நான் ஜன்னலோரம் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "ஒரு தாள்ல மட்டும் தேதி பிந்தியிருக்கே?" என்றார். கௌரி தடுமாறவே இல்லை. "என் வீட்டுக்காரர் மாலை போட்டிருந்தார் சார், வீட்ட மாத்தி எழுதிட்டார். திரும்பப் போனோம். அறுபத்திரண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்." அவர் புரட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கத்துக்காகவே பாஸ் போடலாம்மா" என்றார்.

என் தப்பு அச்சேறியதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று எப்படிச் சொல்ல! மலைக்குப் போய் இருமுடி இறக்கியபோதுகூட அப்படி அழவில்லை.

மொபெட் போய்விட்டது. கேள்வித்தாள் கட்டைக் கரையான் தின்றது. குப்பத்தில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய், குடவரிசை இல்லை. அந்தத் தெருவில் ஏழாவது வீடு எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இதை யாரிடமாவது சொல்வதானால் சொல்லுங்கள். ஆனால் எனக்காக எதையும் பூசி மெழுகாதீர்கள். எட்டாவது வீட்டில் எழுதியவன் நான்தான். ஏழாவது வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போனவள் கௌரி.