ஸ்கேனரில் வைத்த பிச்சிப்பூ

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. யாரோ ஒரு பெரியவர், சுற்றிலும் வெள்ளைப் பூமாலை. பெரியவரை நான் சரியாகப் பார்க்கவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். பூவைத்தான் பார்த்தேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால், ஓரத்தில் ஒரு மொட்டு நுனி கருகி, தீக்குச்சித் தலை மாதிரி இருக்கிறது. அந்த மொட்டை எனக்குத் தெரியும்.

"எம்மா, இங்க பாரேன். இது நீ கட்டுன பூவுல்லா?"

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "பூ எம்பூ மாரிதான் இருக்கு. கட்டு எங் கட்டு இல்லட்டி. இது சோத்துக்கைக் கட்டு."

அம்மா இடக்கைக்காரி. பூ மார்க்கெட்டில் சரம் கட்டிய காலத்தில், அவள் கட்டும் சரத்தில் நார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போகும். சரத்தைத் திருப்பிப் பார்த்தே "இது நொட்டாங்கையா கட்டுனது" என்று வியாபாரிகள் சொல்வார்கள். இந்தப் படத்தில் நார் எல்லோருக்கும் போல வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இருந்தாலும் அது அம்மா கட்டிய பூதான். நான் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. அது எப்படி என்று சொல்ல, ரத வீதி ஸ்டுடியோவுக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் போனதும் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருக்கும். டிகிரி முடித்து மார்க்‌ஷீட்டுக்குக் காத்திருந்த கோடையில், ஸ்டுடியோவில் போட்டோஷாப் வேலைக்குச் சேர்ந்தேன். படித்த பிள்ளை என்று ஸ்டுடியோ அண்ணாச்சி எனக்குச் சுழல் நாற்காலி கொடுத்தார். முதல் நாள் அதில் சுற்றிப் பார்த்துத் தலை கிறுகிறுத்ததை அண்ணாச்சி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கிறார். அந்தக் கோடை முழுக்க என்னை "ராட்டினம்" என்றுதான் கூப்பிட்டார்.

என் வேலை ஃபிரேம் செய்வது. மரச்சட்டம் இல்லை, கம்ப்யூட்டர் சட்டம். சுற்றிலும் பூ, மயில், குத்துவிளக்கு, தங்கக் கரை எல்லாம் அடுக்கி, நடுவில் முகத்துக்கு ஒரு ஓட்டை விட வேண்டும். அந்த ஓட்டையை போட்டோஷாப் எப்படிக் காட்டும் தெரியுமா? வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டம் போட்டு. வெள்ளை என்றால் அங்கே வெள்ளை இருக்கிறது என்று ஆகிவிடும், கறுப்பு என்றால் கறுப்பு. ஒன்றுமே இல்லை என்பதைக் காட்ட யாரோ எங்கோ உட்கார்ந்து யோசித்து இந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. வேலையில்லாத நேரத்தில் வெறும் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சியிடம் ஒரு சிடி நிறைய ரெடிமேட் ஃபிரேம்கள் இருந்தன. பனிமலை, அன்னப்பறவை, அருவி. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டு மாப்பிள்ளைகள் பட்டு வேட்டியோடு பனியில் நிற்பார்கள். குளிராதா என்று ஒருவரும் கேட்டதில்லை. செத்தவர்களுக்கு அந்த சிடியில் ஒரே ஒரு மாலை இருந்தது. சிவப்பு ரோஜா, நடுவில் ஜரிகை. வட்டாரத்தில் இறந்த எல்லோர் கழுத்திலும் அதுதான். ஊரே அந்த மாலைக்குப் பழகிப்போயிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கோமதியக்கா வந்தார். எங்கள் ஊர் அம்மன் பேர் அது, கடைத்தெருவில் நின்று கோமதி என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். இவருக்கு வாசுதேவநல்லூர் போகும் வழியில் ஒரு ஊர். மகள் செல்விக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வைக்கும் வரவேற்பு ஃபிளெக்ஸில் பெண்ணின் அப்பா அம்மா படம் வேண்டும். அப்பா, செல்வி கைக்குழந்தையாக இருந்தபோதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர், ரீலில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று கையை விரித்துவிட்டாராம். இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. லைசென்ஸில் ஒட்டியிருந்த அவர் படத்தை மட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அக்கா கொண்டுவந்திருந்தார்.

"அதுக்கென்னம்மா, சேத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. "பாதி சிவன், பாதி பெருமாள். நம்மூர்ச் சாமியே ஜாயிண்ட் போட்டோதான?"

அக்கா சிரிக்கவில்லை. "எங் கொழுந்தன் சொல்லுதாவ, அண்ணனுக்கு மால போடாம வைக்கக் கூடாதுன்னு. அது மருவாதி இல்லையாம். மால போட்டா அவுகளச் செத்தவுகளா வாசல்ல நிறுத்துன மாரி ஆயிரும். எம் பிள்ளைக்கு அவ அப்பாவ உயிரோட பாத்த நெனப்பே இல்ல. அன்னிக்கு ஒரு நாளாவது அவுக உயிரோட நிக்கணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். மாலை போட்டால் மனிதர் செத்தவர், போடாவிட்டால் கொழுந்தனுக்கு மரியாதைக் குறைச்சல். போட்டோஷாப்பில் எந்த மெனுவில் தேடினாலும் இதற்கு வழி இல்லை. சும்மா இருக்கக் கூடாதே என்று இரண்டு முகங்களையும் இரண்டு ஓவலுக்குள் வைத்தேன். அவர் இளவட்டமாக, மீசை ஒழுங்காக முளைக்காத மாதிரி இருந்தார். அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"வயச வேணா கொறச்சுருவமா?" என்றேன்.

"வேண்டாம். அவுக அங்கனயே நின்னுட்டாவ. நான் நடந்து வந்துட்டேன். அதுக்கு என்ன செய்ய?" என்றவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் ஒரு மால போடேன்" என்றார்.

அண்ணாச்சி பதறிவிட்டார். "ஏ தாயி, உயிரோட இருக்க ஆளுக்கா? வாய்ல வரலாமா?"

"அவுகளுக்கு மட்டும் போட்டாத்தான அண்ணாச்சி செத்தவுக. ரெண்டு பேருக்கும் போட்டா கல்யாணம்லா?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "ஏ ராட்டினம், கேட்டியா? போடு" என்றார்.

போடுவது என்றால் எதைப் போடுவது? சிடியில் இருக்கும் ரோஜாவை இரண்டு பேருக்கும் போட்டால், இரண்டு பேரும் செத்துப்போனார்கள் என்றுதான் ஊர் படிக்கும். அந்த மாலையின் சங்கதி அப்படி. இதுவரை ஒரு செத்தவர் கழுத்திலும் ஏறாத மாலை வேண்டும். அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் பிச்சிப்பூவும் இடையிடையே மரிக்கொழுந்துமாக ஒரு மாலை கட்டித் தரச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். மொட்டு மொட்டாகப் பொறுக்கிக் கட்டித் தந்தாள்.

மாலையைக் கொண்டுபோய் ஸ்கேனர் கண்ணாடிமேல் வளைத்து வைத்தேன். அண்ணாச்சி பாய்ந்து வந்தார். "ஏட்டி, என்ன, ஸ்கேனருக்கா கல்யாணம்? தண்ணி உள்ள எறங்குனா நீயா பாப்ப?" ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மூடியை அழுத்தக் கூடாது, பூ நசுங்கிவிடும். கறுப்புத் துணியை மேலே போர்த்தினேன். கீழே வெளிச்சம் ஊர்ந்து போனது. வரும் வழி வெயிலில் ஒரு மொட்டு நுனி கருகியிருந்தது, அதுவும் அப்படியே படத்தில் விழுந்தது. மரிக்கொழுந்து வாசம் கடை முழுக்க நிறைந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர், "என்ன, இங்கன பூசையா நடக்கு?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கருகின மொட்டை அழித்திருக்கலாம், ஒரு கிளிக்தான். அம்மா பொறுக்கி வைத்த மொட்டு, விட்டுவிட்டேன். அம்மா கட்டியபடியே அந்த மாலையை அவருக்குப் போட்டேன். அக்காவுக்கும் அதையே போட்டால் ஒரே அச்சு என்று தெரிந்துவிடும். அதனால் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிப் போட்டேன். அக்கா கழுத்தில் அம்மாவின் இடக்கைக் கட்டு சோத்துக்கைக் கட்டாகிவிட்டது. இப்போது புரிந்திருக்குமே, அம்மா ஏன் தன் கட்டு இல்லை என்றாள் என்று.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என் மாலை எப்படி நிற்கிறது என்று பார்க்கும் ஆசையில் சாப்பிட்ட கையோடு வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வழியில் தூரத்துச் சொந்தம், ராயகிரிக்காரர் ஒருவர், மொய்க்கவரோடு வந்தார். ஃபிளெக்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த கோமதியக்காவிடம் கேட்டார்: "பொண்ணுக்கு அப்பாவ எங்க, காணோம்? பந்தியில நிக்காவளோ?"

அக்கா பன்னீர்ச் செம்பைக் கை மாற்றிக்கொண்டார்.

"இங்கனதான் நின்னாவ" என்றார். "நீங்க போய்ச் சாப்புடுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டு பந்திக்குப் போனார். அக்கா அடுத்தவருக்குப் பன்னீர் தெளித்தார், கொஞ்சம் அதிகமாகவே. அந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

அந்த ஃபிரேமைப் பல ஸ்டுடியோக்காரர்கள் அண்ணாச்சியிடம் பென்டிரைவில் வாங்கிப் போனார்கள். எவரோ நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். எவரோ அதை நடுவில் வெட்டி ஒற்றை ஆள் ஃபிரேம் ஆக்கியிருக்கிறார்கள். இந்த லீவில் உட்கார்ந்து தேடினேன். கண்ணீர் அஞ்சலி, நினைவு நாள், எங்கெங்கோ உள்ள ஊர்கள், முன்பின் தெரியாத முகங்கள். எல்லாம் ஒற்றை. எல்லாம் திருப்பிப் போட்ட பாதி, அக்காவின் பாதி. வெட்டியவர் ஏன் இந்தப் பக்கத்தை எடுத்தார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஜோடியாக வைத்த கோப்பு, பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது என்றார் அண்ணாச்சி.

"அந்த ஃபிளெக்ஸு என்னாச்சும்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கோமதி ஆட்டுக்கொட்டாய்க்கு மேல விரிச்சிருந்தா. படம் வானம் பாத்த மாரி. போன மழைக்கு முன்ன பாத்தேன், வெளுத்து வெறுந்துணியா கெடந்துது."

வெயிலில் முதலில் சிவப்பு போகும், பிறகு மஞ்சள். நீலம் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அதுவும் போய்விடும்.

அவரை ஒரு நாள் உயிரோடு நிறுத்த, அக்கா தன் கழுத்துக்குக் கேட்டு வாங்கிய மாலை அது. இப்போது அதைத்தான் இறந்தவர்களுக்கெல்லாம் போடுகிறார்கள். அம்மா இடக்கையால் கட்டியபடியே செல்வியின் அப்பா கழுத்தில் இருந்த மாலையை மட்டும் எந்த அஞ்சலியிலும் காணோம்.